ஈறு நிறத்தில் ஒரு சீட்

பல் கட்டுகிறவருக்கு ஒரு கொள்கை உண்டு. நல்ல பல் செட் என்றால் அது வாயில் இருப்பதே தெரியக்கூடாது. கேட்கிறவர்கள் காது புளித்துப் போகிற அளவுக்கு இதைச் சொல்லிவிட்டார். அவர் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சை வைத்துக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் உள்ள சின்ன அறையில் பல்லும் ஈறும் செய்து கொடுக்கிறவர். அதைப் போட்டுக்கொள்ளும் ஆட்களை அவர் பார்ப்பதே கிடையாது. யாராவது உறுத்துகிறது என்று திருப்பி அனுப்பினால், "பத்து நாள் பொறுத்துக்கச் சொல்லுங்க, பழகிடும்" என்று டாக்டருக்குப் பதில் போகும்.

அதே பதிலைத்தான் அன்று மனைவிக்கும் சொன்னார்.

"பழகிடுமா? இது என்ன பல்லா?" என்றாள் அவள். சைக்கிளை விட்டு இறங்கி, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு மாதிரியாக நின்றாள்.

உறுத்தியது சைக்கிளின் சீட். அதை அவர் கையாலேயே செய்திருந்தார், பல் செய்கிற முறையிலேயே. வாய்க்கு அச்செடுக்கிற மாவைக் குழைத்து ஒரு தட்டில் பரப்பி, அதன் மேல் மனைவியை உட்கார வைத்து, "அசையாத, மூச்சு மட்டும் விடு" என்று சொல்லி அளவெடுத்தார். அந்த அச்சில் கார்பன் துணியை விரித்து, ஈறு செய்கிற பிசினை ஊற்றி இறுக வைத்தார். இளஞ்சிவப்பில், அசல் ஈறு மாதிரியே, தொண்ணூற்றைந்து கிராமில் ஒரு சீட் பிறந்தது. அசையாமல் உட்கார்ந்தால் கன கச்சிதமாகத்தான் இருந்தது. மிதிக்க ஆரம்பித்ததும் தொடை இரண்டையும் அறுத்தது. உட்கார்ந்திருக்கிற உடம்புக்கு அளவெடுத்தவர், மிதிக்கிற உடம்பை மறந்துவிட்டார். இதை அவரிடம் யார் சொல்வது? சொன்னாலும் கேட்கிற ஆளா?

அவள் தபால் கொடுப்பவள். மேடும் பள்ளமுமான தெருக்களில், முன்னாலும் பின்னாலும் பை தொங்க, தினமும் சைக்கிள் மிதிப்பதுதான் வேலை. லீவு நாளில் ஆசைக்கு ஓட்ட ஒரு பழைய பந்தய சைக்கிளும் வைத்திருந்தாள். போன வருஷம் அதில்தான் மலைப் பந்தயத்துக்குப் போனாள். புறப்படும் முன் எல்லா வண்டியையும் கொக்கியில் மாட்டி எடை போட்டார்கள். இவள் வண்டிக்குப் பத்தரைக் கிலோ என்று எடை போடுகிறவர் சத்தமாகப் படித்தபோது, கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அன்றைக்கு அவள் ஒரு சக்கர இடைவெளியில் இரண்டாவதாக வந்தாள்.

அவள் இரண்டையுமே மறந்துவிட்டாள். அவருக்குத்தான் அந்தச் சிரிப்பு காதிலேயே தங்கிவிட்டது. அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்துதான் அந்த மலையை ஏறுவார்கள். பிறகு அவருடைய முழங்கால்கள் கைவிட்டன, டாக்டர் மலைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதே என்றுவிட்டார். இப்போது அவள் ஏறுகிறாள், இவர் காத்திருக்கிறார். அவள் ஏறும்போது தன்னுடையது என்று ஏதாவது ஒன்று கூடப் போகவேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆசையை ஆசை என்று சொல்லத் தெரியாமல், "வண்டி கனம்" என்று ஆரம்பித்தார்.

ஆரம்பித்தது ஒரு வருஷத்தைத் தின்றது.

பழைய கார்பன் பிரேம் ஒன்றை எங்கேயோ பிடித்துவந்தார். நல்ல நீல நிறம், அவளுக்குப் பார்த்ததும் பிடித்துப்போனது. மறுநாளே பெயின்ட்டில் எடை இருக்கிறது என்று அவ்வளவையும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தார். பல் சக்கரத்தில் பல் குடையும் டிரில்லால் வரிசையாக ஓட்டை போட்டார். இரும்பு போல்ட்டையெல்லாம் கழற்றி அலுமினியம் போட்டார், அதிலும் மரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுனிகளை வெட்டினார். ஹேண்டில்பாரின் இரண்டு முனையையும் விரற்கடை அளவு அறுத்தார். வெட்டியது, சீவியது, குடைந்தது எல்லாவற்றையும் ஒரு ஜாம் பாட்டிலில் சேர்த்துவைத்தார். வீட்டுக்கு யார் வந்தாலும் பாட்டிலை ஆட்டிக் காட்டி, "இவ்வளவையும் அவ மலைக்குச் சுமக்க வேண்டாம் பாருங்க" என்பார்.

"தினம் முப்பது கிலோ பார்சல் சுமக்கறேன்" என்று அவள் ஒருமுறை சொன்னாள். "இந்த ஒரு பாட்டில் என்னை என்ன பண்ணப்போவுது?"

அவள் தம்பி பேக்கரி வைத்திருப்பவன், வாய்த் துடுக்குக்காரன். "மாமா, டயர்ல இருக்கற காத்தையும் எறக்கிடுங்க. இன்னும் கொஞ்சம் கொறையும்" என்றான். அவனை அன்று டீ கொடுக்காமல் அனுப்பினார்.

சைக்கிள் கிளப்பில் ஒரு நாள் வாய் சும்மா இருக்காமல், "ஆறரைக் கிலோவுக்குக் கீழ கொண்டுவந்து காட்டறேன்" என்று சொல்லிவிட்டார். அன்றோடு நிம்மதி போயிற்று. வண்டி ஆறு கிலோ ஐந்நூற்று முப்பதில் வந்து நின்றது, அதற்குமேல் தலைகீழாக நின்றாலும் இறங்க மாட்டேன் என்றது. ஓட்டை போட்ட பல் சக்கரம் ஒரே வாரத்தில் கோணிக்கொண்டது. புதிது வாங்கினால் அது பழையதைவிடக் கனம். ஓர் அலுமினியம் போல்ட்டை இறுக்கும்போது தலை மட்டும் கையோடு வந்தது, உடம்பு பிரேமுக்குள் மாட்டிக்கொண்டது. அதைத் தோண்டி எடுக்க, யாரோ ஒரு பெரியவருக்கு அவசரமாகச் செய்து தரவேண்டிய மேல்வரிசைப் பல் பாதியில் நின்றது. டாக்டர் போனில் கத்தினார். இவர் போல்ட்டைப் பார்த்துக் கத்தினார்.

பிறகு ஒரு நாள், ஓட்டை போட்டு இளைத்திருந்த பிரேக் பிடி திருப்பத்தில் அவள் கையிலேயே முறிந்தது. குப்பைத்தொட்டியில் போய் மோதி நின்றாள்.

"தொட்டி மட்டும் இல்லன்னா நேரா அந்த வீட்டுக்குள்ள போயிருப்பேன்" என்றாள், முழங்கையைத் துடைத்துக்கொண்டே. "கையில ஒரு தபால் கூட இல்லாம."

சிராய்ப்பு அவர் கண்ணில் படாமலில்லை. மருந்து போட்டார், ஊதிவிட்டார், இனிமேல் பிரேக்கில் கை வைப்பதில்லை என்று சத்தியமும் செய்தார். ஆனால் ஓட்டையில்லாத புதுப் பிரேக் பிடியை மாட்டும்போது, ஏறிவிட்ட முப்பது கிராமை நினைத்து அவருக்கு வயிறு எரிந்தது. அந்த மனுஷனைத் திட்டாமல் எப்படி இருப்பது?

பந்தயத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் அவள் தீர்மானமாகச் சொன்னாள். "என் பழைய சீட்டை மாட்டிக் குடுங்க, ஓட்டறேன். இல்லன்னா என் பழைய வண்டியிலயே போயிடறேன்."

"உன் சீட் கிட்டத்தட்ட அரைக் கிலோ."

"அதுல உக்காந்தா தொடை அறுக்காது."

"இந்த ஒரு தடவை. பல்லைக் கடிச்சிக்கிட்டு மேல போயிடு. வருஷம் பூரா வேற எதுவுமே நினைக்காம இதையே நினைச்சுக்கிட்டு இருந்தேன்." குரல் உடைந்துபோய்க் கெஞ்சலாக வந்தது. அதை அவரே எதிர்பார்க்கவில்லை.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கண்ணைச் சுற்றிக் கறுப்பு விழுந்திருந்தது, விரல் நுனியெல்லாம் பிசின். "சரி. ஆனா வேன்ல என் சீட்டும் வரும்" என்றாள்.

அவள் சரி என்ற தெம்பில் அவர் சீட்டைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார். அடிப்பாகத்தை இன்னும் கொஞ்சம் சுரண்டினார். செயின் பக்கத்தில் இரண்டு இடத்தில் அராவினார். ஹேண்டில்பாரில் சுற்றியிருந்த பட்டையைப் பிரித்துவிட்டு மெல்லிய துணி நாடா சுற்றினார். தூக்கிக் கொக்கியில் மாட்டினால் ஆறு நானூற்று எழுபது. இறக்கி மறுபடி மாட்டினார். அதே ஆறு நானூற்று எழுபது. அந்த வருஷத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அந்த ஒரு சாயங்காலம்தான்.

காலையில் பேக்கரி வேனில் மலையடிவாரத்துக்குப் போனார்கள். எடை போடும் இடத்தில் அவர்தான் முதல் ஆளாக நின்றார். முந்தப் பார்த்த இரண்டு பேரை முறைத்துத் தள்ளிவைத்தார். ஜாம் பாட்டில் ஒரு கையில், சைக்கிள் ஒரு கையில். கூட்டம் சேரட்டும் என்று கொஞ்சம் தாமதித்துத்தான் வண்டியைக் கொடுத்தார். எடை போடுகிறவர் போன வருஷம் பார்த்த அதே ஆள்தான், அதே தொண்டை.

"ஆறு நானூத்தி எழுவது" என்று படித்தார்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. யாரோ ஒருவர் "அடேயப்பா" என்றார். பல் கட்டுகிறவர் கால் தரையில் இல்லை. ஆனால் எடை போடுகிறவர் வண்டியைக் கொக்கியிலிருந்து எடுக்காமல் காகிதத்தைப் புரட்டினார்.

"கொறையுதேங்க."

"கொறைக்கத்தானே ஒரு வருஷம் பாடுபட்டேன்."

"அது சரிங்க. ஆறு எண்ணூறுக்குக் கொறஞ்ச வண்டியை மலைக்கு விட மாட்டோம். ரொம்ப லேசாப் பண்றேன்னு பண்ணி, எறக்கத்துல ஒடைஞ்சு விழுந்துடறாங்க. அதுக்காக வச்ச விதி. பேர் குடுக்கும்போதே சொல்லியிருப்பாங்களே."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. வண்டி கனமாக இருந்தால் சிரிப்பார்கள் என்று தெரியும். லேசாக இருந்தால் நிறுத்துவார்கள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. எடை போடுவது வேடிக்கை காட்டத்தான் என்று ஒரு வருஷமாக நம்பியிருந்தார். திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியுமா?"

"விதி இருக்குன்னு தெரியும். நீங்க அதுக்குக் கீழயே போயிருப்பீங்கன்னு நான் கண்டனா? நேத்து எடையையே என்கிட்ட சொல்லலையே, காலையில பாருன்னீங்க."

உண்மைதான். எல்லோர் முன்னாலும் அவள் கேட்கட்டும் என்று ரகசியமாக வைத்திருந்தார்.

"மாமா, அந்தப் பாட்டிலைக் கட்டிவிட்டா என்ன?" என்றான் மச்சினன். கிண்டலாகத்தான் சொன்னான். ஆனால் முழுகப்போகிறவனுக்கு எது கிண்டல்? அவர் உண்மையிலேயே ஒரு கயிறு கேட்டார், பாட்டிலைச் சீட்டுக்கு அடியில் கட்டினார். எடை போடுகிறவர் அதை விரலால் ஆட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"தொங்கற பொருளு கணக்குல வராதுங்க. வண்டியோட பாகமா இருக்கணும்."

"குழாய்க்குள்ள போல்ட்டைப் போட்டு அடைச்சுத் தர்றேன். அஞ்சு நிமிஷம் குடுங்க."

"பின்னாடி எத்தனை பேர் நிக்கறாங்க பாருங்க."

அவருக்கு அழுகை வந்தது, ஆத்திரம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. எடை போடுகிறவர் மேல், விதி எழுதினவன் மேல், முதலில் டிரில்லைக் கையில் எடுத்த தன் மேல். ஒவ்வொரு கிராமுக்கும் அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். அதில் முந்நூற்று முப்பதைத் திருப்பிக் கொடு என்கிறார்கள்.

அவள் வேனுக்குப் போய் வந்தாள். கக்கத்தில் பழைய சீட் இருந்தது. கறுப்பு, ஓரம் தேய்ந்து, நடுவில் அவள் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளம் விழுந்தது. போல்ட் கழற்றும் சாவியை அவர் கையில் கொடுத்தாள். தன் சீட்டைக் கழற்றியதும் அவர்தான், அவள் சீட்டை மாட்டியதும் அவர்தான். வண்டி மறுபடி கொக்கியில் ஏறியது.

"ஆறு எண்ணூத்தி இருவத்தஞ்சு. போலாம்."

கையில் இளஞ்சிவப்புச் சீட்டோடு அவர் ஒதுங்கி நின்றார். பக்கத்தில் நின்ற அம்மாள் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இது என்னங்க, பல் செட் மாதிரி இருக்கு?" என்றாள். அவர் அதைக் கக்கத்தில் செருகி மறைத்துக்கொண்டார்.

வேனில் சுற்றுவழியாக மேலே போய் முடிவுக் கோட்டருகே காத்திருந்தார்கள். கடைசி வளைவில் அவள் தனியாக வந்தாள். பின்னால் நெடுந்தூரத்துக்கு ஒருவரும் இல்லை. உட்கார்ந்தபடியே, அவசரமில்லாமல், தபால் கொடுக்கப் போகிறவள் மாதிரி மிதித்துக்கொண்டு வந்து கோட்டைத் தாண்டினாள். மச்சினன் தொண்டை கிழியக் கத்தினான். அவர் தண்ணீரை நீட்டினார். ஒரு வருஷமாக மனதில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டார்.

"வண்டி எப்படி இருந்துச்சு?"

அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள். "சீட் நல்லா இருந்துச்சு."

மச்சினன் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவர் போய் வேனில் ஏறி உட்கார்ந்துகொண்டார். பரிசு கொடுத்தபோது கை தட்டினாரே தவிர, முகம் சிடுசிடு என்றுதான் இருந்தது. இறங்கும் வழியில் மூன்று வளைவு வரை பொறுத்தார். நாலாவது வளைவில் முடியவில்லை.

"அந்த ஃபிரேம், அந்தச் சக்கரம், ஒவ்வொரு போல்ட்டு. ஒரு வருஷம் ராப்பகலா உசிரைக் குடுத்துப் பண்ணியிருக்கேன். நான் பண்ணாத ஒண்ணே ஒண்ணு அந்த சீட். அதுதான் உனக்கு நல்லா இருந்துச்சு. மத்ததைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலை இல்ல?"

அவள் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். பாதித் தூக்கம்.

"மத்ததைப் பத்தி என்னங்க சொல்றது? அதெல்லாம் இருக்கறதே தெரியலை."

அவர் கத்துவதற்கு வாயைத் திறந்தார். திறந்தபடியே இருந்தார். மடியில் கிடந்த சீட்டைப் பார்த்தார், பின்னால் சாய்த்து வைத்திருந்த வண்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன சொன்ன?"

"வண்டி இருக்கறதே தெரியலைன்னேன். இப்பத் தூங்க விடுங்க."

அவர் தூங்க விட்டார். கீழே போய்ச் சேரும்வரை மச்சினனையும் பேச விடவில்லை.