மீதி மூன்று மணி நேரம்

மதகை இறக்கி மூடியபோது மணி பதினொன்று. ஆறு மணிக்குத் திறந்தது. எங்கள் முறை எட்டு மணி நேரம் என்பதால் இரண்டு மணி வரை பாய்ச்சலாம். ஆனால் தக்காளிக்குப் போதும். செடியடியில் பரப்பியிருந்த வைக்கோலை விலக்கி மண்ணுக்குள் விரலை விட்டேன். அடிவரைக்கும் ஈரம். வயிறு நிறைந்தவனுக்கு மறுபடி மறுபடி பரிமாறினால் அதற்குப் பெயர் உபசாரமா?

மதகுக்காரர் சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு வந்தார். யார் எத்தனை மணி நேரம் பாய்ச்சினார்கள் என்று கால்வாய்ச் சங்கத்து நோட்டில் எழுதுகிறவர் அவர்தான்.

"என்னக்கா, இன்னைக்கும் மூடிட்டீங்களா?"

"நிலம் குடிச்சது போதும்னுடுச்சு."

"இது மூணாவது தடவ. மூணு தடவ முழுசாப் பாய்ச்சலைன்னா உங்களுக்கு அவ்ளோ தண்ணி வேணாம்னு அர்த்தம். அடுத்த வருஷத்துலேருந்து முறை பாதியாயிடும். இப்பவே திறந்துட்டீங்கன்னா எட்டுன்னு எழுதிடுறேன்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்த நிலம் பித்தவெடிப்பு வந்த குதிகால் மாதிரிக் கிடந்தது. எட்டு மணி நேரம் பாய்ச்சினாலும் மறுநாளே வாயைப் பிளக்கும். வைக்கோல், சருகு, பிடுங்கிய களை என்று கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து மூடாக்குப் போட்டேன். வரிசைகளுக்கு நடுவே பயறு விதைத்தேன். மண்ணைப் புரட்டிப் புரட்டிப் போடுவதை நிறுத்தினேன். ஊரே சிரித்தது, எங்கள் வயலுக்குக் குப்பைமேடு என்று பெயர் வைத்தது. முதல் வருஷம் விளைச்சலும் சிரிக்கிற மாதிரிதான் இருந்தது. அப்புறம் மண்புழு வந்தது. மண் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டது. எட்டு மணி நேரம் ஐந்தாகக் குறைந்தது. அதற்குத்தான் இந்தத் தண்டனை. வடிகால் நிரம்ப வீணாக்குகிறவன் நல்ல விவசாயி. மிச்சம் பிடித்தவள் குற்றவாளி. நல்லா இருக்கிறது நியாயம்!

"மீதி மூணு மணி நேரத்தை அவளுக்கு விடுங்களேன்" என்று கீழ் வயலைக் காட்டினேன். அது என் ஓரகத்தியின் அவரை வயல். கால்வாயின் கடைசி வயல் அது. மேலே இருப்பவர்கள் எல்லோரும் குடித்து மிஞ்சினால்தான் அங்கே ஈரம். எங்கள் வடிகால் அவள் வரப்பை உரசிக்கொண்டு போய்ப் பாறைக்காட்டில் விழுகிறது. அவள் அங்கேதான் நின்றிருந்தாள், வாடிய கொடிகளுக்கு நடுவே.

"ஒருத்தர் முறைய இன்னொருத்தருக்கு மாத்தக் கூடாதுக்கா. மாத்தினா ரெண்டு பேருக்கும் ஒரு வருஷம் தண்ணி கிடையாது."

"அப்போ கொட்டலாம், கொடுக்கக் கூடாதா?"

"சட்டம் நான் போட்டதா?" என்றார். பாவம், அவர் முகமும் சுருங்கித்தான் போயிருந்தது.

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும், "ஊரோட ஒத்துப் போ. அடுத்த வருஷம் வெயில் முத்திச்சுன்னா நாலு மணி நேரத்துல என்ன பண்ணுவ? உன் வைக்கோலா தண்ணி குடுக்கும்?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் கோபத்தை இன்னும் கிளறியது. பதில் சொல்வதற்குள் மதகின் சக்கரத்தைச் சுற்றித் திறந்துவிட்டார்.

தண்ணீர் வந்தது. நிலத்துக்கு அதில் ஒரு வாய் கூட வேண்டாம். வரிசைகளில் ஏறி நின்றது. மூடாக்கு முதலில் லேசாக அசைந்தது, பிறகு மிதந்தது, பிறகு கும்பலாக வடிகாலை நோக்கிக் கிளம்பியது. மூச்சு முட்டிய மண்புழுக்கள் மேலே வந்து நெளிந்தன. நான் கூடை கூடையாகச் சுமந்த மூன்று வருஷம், என் கண் முன்னால் பாறைக்காட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா," என்று ஓரகத்தி வரப்பிலிருந்து கூப்பிட்டாள். "இவ்ளோ தண்ணியும் எங்க போகுது?"

அவளுக்குத் தெரியாதா என்ன? வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பவள்.

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வடிகாலில் இறங்கினேன். "உனக்கும் ஒரு வருஷம் தண்ணி நின்னுடும்டி. தெரிஞ்சுக்கோ" என்றேன்.

"இப்ப மட்டும் என்ன வந்து கொட்டுது?" என்று அவளும் தன் மண்வெட்டியோடு அந்தப் பக்கம் குனிந்தாள். என் வீட்டுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு மதகின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, வேணாம்க்கா. நான் பாத்துட்டு நிக்கிறேன்" என்றார் மதகுக்காரர். நோட்டு விரிந்திருந்தது. பேனா மூடி வாயில் இருந்தது.

"நல்லாப் பாருங்க. எட்டு மணி நேரம்னு எழுதுங்க. எங்க போச்சுன்னும் சேர்த்து எழுதுங்க."

இரண்டு பக்கத்து வெட்டுகளும் நடுவில் சந்தித்தன. கரை சரிந்தது. முதல் அவரை வரிசைக்குள் தண்ணீர் நுழைந்தபோது அதற்கு முன்னால் என் வைக்கோல் போனது. பேனா இன்னும் தாளைத் தொடவில்லை.