மிரேலுக்காக விட்ட முட்டை

மருதாசலத்தின் நாமக்கல் பண்ணை முட்டை கேரளா வரைக்கும் லாரியில் போகும். அவர் பெற்ற ஒரே மகன் ஆனந்தகுமார் வாய்க்குள் மட்டும் போகாது. இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்லி அழுவது!

"ஏனுங்க, உங்க பையனே திங்கறதில்லீங்களாமா? கோழிக்கு அப்படி என்ன மருந்துங்க போடறீங்க?" என்று முட்டை எடுக்க வந்த வியாபாரி சின்னுசாமி கேட்ட அன்று அவருக்கு மானமே போயிற்று.

எல்லாம் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டால் வந்த வினை. 'ஆல்டர்கீப்' முதல் பாகத்தில் ஆனந்தகுமாரோடு வில்லெடுத்துச் சண்டை போட்டவள் மிரேல். கடைசியில் சூனியக்காரன் அவளைக் கோட்டைக்குள் அடைத்துவிட்டான். வந்த ஆத்திரத்தில், அவளை மீட்காமல் முட்டையைத் தொடமாட்டேன் என்று குலசாமி மேல் சத்தியம் பண்ணித் தொலைத்தான் இவன். அடுத்த வருஷமே ரெண்டாம் பாகம் என்றான் கம்பெனிக்காரன். வந்து சேர ஆறு வருஷம். நடுவில் இவனுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. குலசாமி மேல் வைத்த சத்தியம், விளையாட்டுக்கு வைத்தாலும் சத்தியம்தான். மீறச் சொல்ல வீட்டில் யாருக்கும் துணிச்சலில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடைசிக் கட்டம் வந்தது. அவன் மனைவி நர்மதா சின்ன வெங்காயம் அரிந்து போட்டு முட்டையை அடித்து வைத்திருந்தாள். வாசலில் மருதாசலம், சாட்சிக்குச் சின்னுசாமியைப் பிடித்து உட்கார வைத்திருந்தார்.

"முதல் பாகத்துல ஒரு பாலத்தைத் தாண்ட எத்தன ரோசனை பண்ணோணும்! இதுல பட்டனை அமுக்குனா அவனே தாண்டிக்கறான். அதுல கழுதைக்கு மூட்டை அதிகமாச்சுன்னா படுத்துக்கும். இதுல மலையையே ஏத்துனாலும் ஓடுது. ஊருக்கு ஊரு ஒருத்தன் நின்னுக்கிட்டு, காளான் பறிச்சுட்டு வா, ஆட்டைத் தேடிட்டு வாங்கறான். நானென்ன இவனுக்குப் பண்ணையாளா?" என்று ஆடிக்கொண்டே புலம்பினான் ஆனந்தகுமார்.

"கல்லு காஞ்சிருச்சுங்க. பொலம்பாம முடிங்க" என்றாள் நர்மதா. ஒரு மாதமாக இதே புராணத்தைக் கேட்டு அவள் காது புளித்திருந்தது.

கோட்டைக் கதவு திறந்தது. மிரேல் பட்டு உடுத்திச் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்தாள். இவனை ஏற இறங்கப் பார்த்து, "யார் நீ?" என்றாள். "என்னை யாரும் அடைத்து வைக்கவில்லை. இது என் கோட்டை." கதவு சாத்திக்கொண்டது. மிச்சம் மூன்றாம் பாகத்தில் என்று எழுத்து ஓடியது.

"அடிப்பாவி! உனக்காக ஆறு வருசம் முட்டை திங்காமக் கெடந்தேன். என்னைத் தெரியலீங்கறியே! முதல் பாகத்துல எம்மேல உசுரையே வெச்சிருந்தவ!" ஆனந்தகுமாருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது.

நர்மதா ஆம்லெட் தட்டை மேசையில் 'டொக்'கென்று வைத்தாள்.

"நான் இந்த ஊட்டுக்கு வந்ததுல இருந்து முட்டை தின்னு பாத்திருக்கறீங்களா?"

அவன் திரையிலிருந்து தலையைத் திருப்பினான்.

"புருசன் திங்காததை நான் மட்டும் தின்னா தொண்டையில எறங்குமா? ராசிபுரத்துல தெனமும் ரெண்டு முட்டை தின்னு வளந்தவளுங்க நானு. அந்தப் பொம்மை உங்களைத் தெரியலேன்னதுக்கு அழுகறீங்க. எதுத்தாப்புல உக்காந்து திங்கறவ தட்டை ஒரு நாளாச்சும் எட்டிப் பாத்தீங்களா?"

கல்யாணமாகி மூன்று வருஷம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறான். அவள் தட்டில் என்ன இருந்தது என்று ஒரு வேளைகூட நினைவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. கம்ப்யூட்டரை அணைத்தான். ஆம்லெட்டைப் பிய்த்து அவள் வாயருகே நீட்டினான்.

"உங்க சத்தியம்?"

"சத்தியம் என்னோடதுதான். குலசாமிகிட்ட நான் பேசிக்கறேன். நீ தின்னு."

வாசலிலிருந்து மருதாசலம் பொறுமை கெட்டுக் கத்தினார். "என்னடா, தின்னாச்சா இல்லியா?"

"தின்னாச்சுங்க மாமா" என்றாள் நர்மதா, வாய் நிறைய முட்டையோடு.