பொய் சொல்லாத லைட்

உலகத்தில் பொய்யே சொல்லாத ஒன்று உண்டென்றால் அது காரில் எரியும் இன்ஜின் லைட் மட்டும்தான் என்று டாக்டர் அறிவித்தபோது, ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். டாக்டர் என்பது மெக்கானிக்கின் பட்டப்பெயர். தனக்குத் தானே வைத்துக்கொண்டார். ஆட்சேபிக்க யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

"புருஷன் சொல்லுவான், பொண்டாட்டி சொல்லுவா, சமயத்துல நானே சொல்லுவேன். இந்த மஞ்ச லைட்டு சொல்லாது. எதுத்த ஷெட்டுக்காரன் என்ன பண்றான்? கோளாறு காட்டற மெஷினைச் சொருகி, என்ன கோளாறுன்னுகூடப் படிக்காம லைட்டை அழிச்சு விடறான். காய்ச்சல்னு போனா தெர்மாமீட்டரை உடைக்கிற பய."

எல்லோரும் சிரித்தார்கள், அவருடைய மச்சினனைத் தவிர. அந்த லைட் எரிந்துகொண்டிருந்தது அவன் காரில்தான். ஆறு வாரத்துக்கு முன்பு பழைய காராக வாங்கி, ஒரு கம்பெனிக்கு வீடு வீடாகப் பார்சல் போட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் காலை குடோன் கேட்டில் மாதச் சோதனை. லைட் எரிந்தால் அவனுடைய ரூட் வேறு ஆளுக்குப் போய்விடும்.

டாக்டர் மெஷினைச் சொருகிப் படித்தார். மூன்றாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை. அதற்குப் பொறி கொடுக்கும் காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டி, இரண்டாவதை இதில் மாட்டி ஓட்டினார். கோளாறு இடம் மாறவில்லை. பிளக்கை மாற்றினார். அப்போதும் மூன்றாவதுதான். கடைசியில் பிளக் துளைகளில் ஒவ்வொன்றாகப் பிரஷர் மீட்டரைத் திருகி, மச்சினனைச் சாவி போடச் சொன்னார். மற்ற மூன்றிலும் முள் துள்ளி ஏறியது. மூன்றாவதில் பாதி ஏறி நின்றுகொண்டது. எண்ணெய் விட்டுப் பார்த்தும் மேலே போகவில்லை.

"வால்வு போயிடுச்சு மாப்ளே. ஹெட்டைக் கழட்டணும். ஒரு வாரம் ஆகும்."

"ஒரு வாரமா? ஒரு நாள் வரலைன்னாலே ரூட்டைத் தூக்கிக் குடுத்துடுவாங்க மாமா."

"வேற வண்டி எடுத்துட்டுப் போயேன்."

"பேப்பர்ல இருக்கற வண்டியைத்தான் உள்ள விடுவாங்க."

டாக்டர் முள்ளையே பார்த்தார். "இது நேத்து வந்த வியாதி இல்ல. பல மாசமா இருக்கு."

"வாங்கறப்போ லைட்டு எரியலையே. நீங்கதானே பாத்துச் சொன்னீங்க."

அன்றைக்கு டாக்டர் பானெட்டைத் திறக்கவில்லை. சாவியைத் திருப்பினார், லைட் எரிந்து அணைந்தது, எடுத்துக்கோ என்றார்.

"லைட்டு மேல டேப்பு ஒட்டிடலாமா மாமா?"

"சாவி போட்டதும் அது ஒரு தடவை எரிஞ்சு அணையணும். அதைத்தான் பாப்பாங்க."

"அப்போ எதுத்த ஷெட்டுக்காரர்கிட்டயாவது போறேன்."

"போனா என் மூஞ்சியில முழிக்காதே."

மச்சினன் கார் சாவியை உருவிக்கொண்டான். "வீட்ல என் பொண்டாட்டிக்கு எட்டாவது மாசம், மாமா," என்றான்.

மறுநாள் காலை குடோன் வாசலில் பதினோரு கார்கள் வரிசையில் நின்றன. டாக்டர் சாப்பாட்டுப் பையோடு வந்தார். பைக்குள் மெஷின் இருந்தது. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பினால், எதிர் ஷெட்டுக்காரர் மெஷினைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காருக்குக் கார் போய்க்கொண்டிருந்தார்.

"வாங்க டாக்டர்," என்றார், விருந்தாளியை வரவேற்பதுபோல. "அழிச்சதும் இன்ஜினை நிறுத்திடுங்க. ஓட விட்டா கேட்டுக்குப் போறதுக்குள்ள மறுபடி எரிஞ்சிடும். தள்ளிக்கிட்டுத்தான் போகணும்."

டாக்டர் அழித்தார். மச்சினன் ஸ்டியரிங்கைப் பிடிக்க, டாக்டரும் எதிர் ஷெட்டுக்காரரும் பின்னாலிருந்து தள்ளினார்கள். முன்னாலும் பின்னாலும் அப்படியேதான் கார்கள் சத்தமில்லாமல் நகர்ந்தன. கேட்டில் நிழற்குடையின் கீழ் உட்கார்ந்திருந்த அதிகாரி ஒவ்வொரு காரிலும் சாவியைத் திருப்பச் சொன்னார். லைட் எரிந்து அணைந்ததும் தாளில் டிக் அடித்தார். தள்ளிக்கொண்டு வரப்படும் கார்களுக்கு அந்தத் தாளில் கட்டம் எதுவும் இல்லை.

மச்சினனின் கார் டிக் வாங்கி, உதறிக்கொண்டே உள்ளே போய் மறைந்தது.

"அண்ணே, எனக்கும் கொஞ்சம்," என்றார் அடுத்த டிரைவர்.

டாக்டர் குனிந்து மெஷினைச் சொருகினார். திரையில் ஏதோ எழுத்து வந்தது. படிக்காமல் பட்டனை அழுத்தினார். பிறகு பின்னால் போய்த் தோள் கொடுத்தார்.