அளவு ஜாக்கெட் வைத்த பக்கம்

1957-ஆம் ஆண்டு லண்டனில் அச்சான ஒரு பெண்கள் நாகரிக இதழில் நாற்பத்தொன்பது வருடமாகத் தட்டு ஏந்தி நின்றிருந்த வேலைக்காரி, 2006 ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலையில் கடை திறப்பதற்கு முன்பே தட்டைக் கீழே வைத்துவிட்டாள். சிதம்பரம் கீழவீதியை ஒட்டிய சந்தில், பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் சாய்ரா நடத்திவந்த லேடீஸ் டைலர் கடையில் இது நடந்தது. அன்று நல்ல வெயில். தக்காளி கிலோ பன்னிரண்டு ரூபாய்.

இதழ்கள் கடலூரிலிருந்து வந்தவை. முதுநகரில் துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல் கம்பெனி துரைமார் குடியிருந்த பங்களா ஒன்றை இடித்தபோது, பழைய பேப்பர் வியாபாரி ரஃபியுதீன் அதிலிருந்த காகிதத்தையெல்லாம் எடைக்கு எடுத்தார். அவர் சாய்ராவின் தாய்மாமன். மாதிரி வெட்டுவதற்குக் கெட்டிக் காகிதம் வேண்டுமென்று அவள் கேட்டிருந்ததால் இரண்டு மூட்டை இதழ்களை பஸ்ஸில் ஏற்றி அனுப்பினார். முதல் இதழைப் பிரித்தவுடனேயே அவளுக்கு வெட்ட மனம் வரவில்லை. பக்கத்துக்குப் பக்கம் வெள்ளைக்காரச் சீமாட்டிகள். எல்லோருக்கும் ஒரே இடுப்பு, இரண்டு கைக்குள் அடங்கிவிடும் இடுப்பு. ஒருத்தி குளிர்பெட்டியைக் கட்டிப்பிடித்துச் சிரித்தாள். ஒருத்தி புருஷன் பைப் புகைப்பதைப் பார்த்துச் சிரித்தாள். தனியாக இருந்தவளும் யாரோ பார்ப்பதைப் போலச் சிரித்தாள். அவர்களுக்குப் பின்னால், கடற்கரையும் ஒட்டகமும் நிற்கிற வரிசையில், கறுத்த மனிதர்களை நிறுத்தியிருந்தார்கள். சீமாட்டியின் கையுறை எந்தக் கடையில் என்ன விலை என்று கீழே எழுதியிருந்தது. தட்டு ஏந்தியவள் எந்த ஊர்க்காரி என்பது எழுதப்படவில்லை. மூட்டையில் பம்பாயில் அச்சான இதழ்களும் சில இருந்தன. அவற்றில் சேலை கட்டியவர்கள் வந்தார்கள், ஆனால் எல்லோரும் பாலில் குளித்த நிறம். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஆயா ஒருத்தியைப் பக்கத்தின் ஓரம் பாதியாக வெட்டியிருந்தது.

சாய்ரா அந்த இதழ்களை டிசைன் புத்தகமாக வைத்துக்கொண்டாள். எதையும் மூன்று முறை அளந்துவிட்டு நான்காம் முறை சந்தேகப்படுகிறவள் என்பதால், ஆர்டர் மாறிப்போகாமல் இருக்கத் தனக்கென்று ஒரு முறையும் வகுத்திருந்தாள். இந்தப் பக்கத்துப் பெண்கள் டைலரிடம் உடம்பைக் காட்டி அளவு கொடுப்பதில்லை. நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்த அளவு ஜாக்கெட்டை, வாடிக்கையாளர் விரல் வைத்துக் காட்டிய பக்கத்திலேயே மடித்துச் செருகி, இதழை மூடி, மேலே இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி வைத்துவிடுவாள். யாருடைய அளவு, எந்த டிசைன் என்ற குழப்பமே வராது.

அந்தச் செவ்வாய்க்கு முந்தின நாள், திங்கட்கிழமை, காடாம்புலியூரிலிருந்து அமராவதி வந்தாள். முந்திரி உடைக்கிறவள், கொட்டை எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடக்கும். தம்பி மகளுக்குக் காது குத்து. இதழைக் கடைசிவரை புரட்டிப் பார்த்தாள்.

“இன்னாம்மா, இத்தினி பேருல நம்மள மாதிரி ஒருத்திகூடவா இல்ல?” என்றவள், முப்பத்தோராம் பக்கத்தில் விரலை ஊன்றினாள். “தோ, இருக்காளே. இவ போட்டிருக்கிற கழுத்து எனக்குத் தை.”

“அது வேலைக்காரி உடுப்பு அக்கா.”

“நா மட்டும் இன்னா, கலெக்டரா? கழுத்து மடிப்பப் பாரு, எவ்ளோ நேர்த்தியா இருக்குது. முன்னாடி நிக்கிறவளுக்கு அதுகூட இல்ல.”

அமராவதியின் அளவு ஜாக்கெட் ஒரு ராத்திரி அந்தப் பக்கத்தில் கிடந்தது. மறுநாள் சாய்ரா திறந்தபோது வேலைக்காரிக்குத் தோள் அகன்றிருந்தது, விரல் நுனிகள் கறுத்திருந்தன, நிற்கிற தோரணையே வேறாக இருந்தது. தட்டு புல்வெளியில் இருந்தது. அதிலிருந்த பன்னை அவளும் சீமாட்டியும் ஆளுக்குப் பாதியாகப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள். சீமாட்டி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாள். அத்தனை வருடம் குதிகால் உயர்ந்த செருப்பில் நின்றவள் கால் நீட்டி உட்கார்ந்ததில் அவள் முகம்கூடக் கொஞ்சம் பூரித்துத் தெளிந்திருந்தது. சாய்ரா அல்லாவை அழைத்தாள், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள், பிறகு வேறு வேலை இருந்ததால் தைக்க உட்கார்ந்தாள்.

அதன்பின் பக்கங்கள் ஒவ்வொன்றாக மாறின. யார் அளவு வைத்தாலும் அந்த உடம்பு அங்கே வந்து சேர்ந்தது. மீன் மார்க்கெட்டில் கூடை வைத்திருந்தவள் பாரிஸ் வீதியில் குடை பிடித்து நடந்தாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவு ஆயா தொப்பி போட்டுக் குதிரைப் பந்தயம் பார்த்தாள். பம்பாய் இதழின் ஓரத்தில் பாதியாக நின்ற ஆயாவைத் தேர்ந்தெடுத்தவள் பெருமாள் தெருவில் பிரசவம் பார்க்கிறவள். அவள் ஜாக்கெட் இரண்டு நாள் இருந்ததும் மீதிப் பாதியும் உள்ளே வந்துவிட்டது, குழந்தை எஜமானியின் இடுப்புக்கு மாறியது. பழைய சீமாட்டிகள் யாரும் காணாமல் போகவில்லை. சற்று நகர்ந்து இடம் கொடுத்து, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் நின்றார்கள். தைக்கக் கொடுத்தவர்களும் கொடுக்காதவர்களும் மாடியேறி வந்து பார்த்தார்கள். “யக்கா, என் பக்கத்தத் தொற, மாமியாருக்குக் காட்டணும்” என்பது அந்தக் கடையில் சாதாரணப் பேச்சானது.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தைக்கக் கொடுக்கவில்லை என்பதுதான் சிக்கல். செங்குத்தான அந்த மாடிப்படியைப் பார்த்துவிட்டு வயதான பெண்கள் பாதியில் திரும்பினார்கள். சாய்ராவின் புருஷன் நசீர் ஷார்ஜாவில் இருந்தான். வெள்ளிக்கிழமைதோறும் போன் பண்ணுவான்.

“ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் பாரு புள்ள. அதுக்கு மேல வாணாம். கடைய மூடிட்டுப் பரங்கிப்பேட்டைக்கே போயிடு. உம்மாவும் தனியா இருக்காங்க.”

“மச்சான், கீழ பாத்திரக் கடைக்குப் பக்கத்துல ஒரு கடை காலியாவுது. வீதியப் பாத்த வாசல். அது மட்டும் கெடைச்சிச்சின்னா…”

“கெடைச்சா பேசுவம்” என்று அவன் வைத்துவிடுவான். அவன் கெட்டவன் இல்லை, தூரத்தில் இருந்தான், அவ்வளவுதான்.

ஆவணிக் கடைசியில் தெற்குவீதி ரைஸ்மில் வீட்டுக் கார்த்யாயினி அம்மாள் படியேறி வந்தார். மகள் பிரீதாவுக்குக் கார்த்திகையில் கல்யாணம். வீட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து நாற்பது ஜாக்கெட். கீழ்க்கடை கைக்கு வந்துவிட்டதைப் போலச் சாய்ராவுக்கு இருந்தது. முகூர்த்த ஜாக்கெட்டுக்கு அந்த அம்மாள் தேர்ந்தெடுத்தது, பச்சைப் பட்டுக் கவுனும் தொப்பியும் போட்டு ஒரு மொட்டைமாடியில் நிற்கும் சீமாட்டியின் பக்கம். அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு, மணி பார்த்துக்கொண்டே இறங்கிப் போனார்.

மறுநாள் அந்தப் பக்கத்தில் இருந்தவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கன்னம் உப்பியிருந்தது, கண் பிதுங்கியிருந்தது. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் முகம் நீலம் பாரித்தது; பெருக்கும்போது மேசைக்கடியில் ஒரு முத்துப் பொத்தான் கிடைத்தது, பின்னால் லண்டன் கடையின் பெயர் பொறித்த பொத்தான். தினம் ஒன்றாகத் தெறித்து விழுந்தன. சாய்ரா அளவு ஜாக்கெட்டை எடுத்து மறுபடி மறுபடி அளந்தாள். அளவில் தப்பில்லை. அப்படியானால் யாருடைய அளவு இது?

துணி கொடுக்க வந்த கார்த்யாயினி அம்மாளிடம் கேட்டே விட்டாள். “பாப்பா போடுற ஜாக்கெட்டுதானாம்மா இது?”

“போடப்போற ஜாக்கெட்டு” என்றார் அவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு. “ராத்திரிச் சோத்த நிறுத்தியாச்சு. ரெண்டு மாசம் இருக்குதில்ல, எறங்கிடும். மாப்ள வூட்டுக்காரங்க போட்டோல பாத்தது வேற மாதிரி. நான் குடுத்த அளவுக்குத் தை. இல்லன்னா சொல்லு, வேற கடை இல்லாமயா போச்சு?”

சாய்ரா துணியை வாங்கி வைத்துக்கொண்டாள். நாற்பது ஜாக்கெட் போனால் வாசல் போகும், வாசல் போனால் கடை போகும். சொன்னபடி தைத்தால், முகூர்த்த நேரத்தில் பந்தல் நிறைந்த ஜனத்துக்கு நடுவே கொக்கி போடாமல் அந்தப் பெண் உட்கார்ந்திருக்க வேண்டும். வெட்டுவதற்குத் துணியை விரிப்பாள், மடித்து வைப்பாள், மறுபடி விரிப்பாள். இப்படியே ஐப்பசி பாதி போயிற்று.

பிரீதா ஒருநாள் கல்லூரிப் பையோடு தானே வந்தாள். கறுத்து, உயர்ந்து, வாட்டசாட்டமாக இருந்தாள். கையில் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய மிளகாய் பஜ்ஜி. பச்சைக் கவுன்காரியைப் பார்த்ததும் பஜ்ஜியைக் கடிக்க மறந்து சிரித்தாள்.

“அடிப்பாவி, மூச்ச விடுடி! செத்துடப் போறே.” பிறகு சாய்ராவிடம், “அது என் சித்தி பொண்ணு ஜாக்கெட்டுக்கா. அவ ஈர்க்குச்சி. அதுல என் ஒரு கை நொழையும்” என்றாள். பைக்குள்ளிருந்து தன் ஜாக்கெட்டை எடுத்தாள். “தைக்கல்லாம் வாணாம், அம்மா கொன்னுடும். இவ பாவம், கொஞ்சம் சாஞ்சிக்கட்டும்.”

அவள் ஜாக்கெட்டைப் பக்கத்தில் வைத்த மாத்திரத்தில், ராத்திரிவரை காத்திருக்காமல், அந்தச் சீமாட்டி மூச்சை விட்டாள். வெட்டுத்துணிகள் பறந்தன, நூல்கண்டுகள் உருண்டன, அலமாரியிலிருந்த எல்லா இதழ்களும் படபடவென்று புரண்டன. கீழே பாத்திரக் கடைக்காரர் காற்று வருகிறதென்று சந்தோஷப்பட்டு விசிறியை நிறுத்தினார். காற்று அடங்கியபோது மொட்டைமாடியில் பிரீதாவின் தோளும் பிரீதாவின் நிறமுமாக ஒருத்தி கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிரீதா இதழைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள். பிறகு பஜ்ஜியை முடித்துவிட்டு, ஜாக்கெட்டை எடுக்காமலே போனாள்.

அன்று சாயங்காலமே சாய்ரா பச்சைப் பட்டுத் துணியை வெட்டினாள். பிரீதாவின் அளவுக்கு வெட்டினாள். வெட்டிய பட்டு ஒட்டாது என்பதால் அதற்கப்புறம் சந்தேகப்பட இடமில்லாமல் போனது. அதுவே அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு கார்த்யாயினி அம்மாள் வந்தார். எல்லா அம்மாக்களும் செய்வதைப் போல, தைத்த ஜாக்கெட்டைக் கீழே விரித்து அதன்மேல் அளவு ஜாக்கெட்டை வைத்துப் பார்த்தார். நாலு பக்கமும் பச்சைப் பட்டு இரண்டு விரல் வெளியே தெரிந்தது.

“கெடுத்துட்டியேம்மா. இன்னா சொல்லிக் குடுத்தேன், இன்னா பண்ணி வச்சிருக்கே? மீதித் துணிய எடு, நான் போறேன்.”

சாய்ரா இதழை எடுத்துப் பக்கத்தைத் திறந்து மேசைமேல் வைத்தாள். கார்த்யாயினி அம்மாள் குனிந்தார். இத்தனை வயதுக்கு அவர் பார்த்த எந்தப் புத்தகத்திலும் எந்தக் காலண்டரிலும் அந்த இடத்தில் தன் மகளைப் போன்ற ஒருத்தி நின்றதில்லை. நிற்க முடியுமென்று நினைத்ததும் இல்லை. லண்டனில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பின்னால் கோட்டு போட்ட நாலு பேர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களைப் பார்க்காமல் எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாள்.

“சிரிச்சா அவங்க அப்பா மாதிரியே இருக்கா” என்றார் அந்த அம்மாள் மெதுவாக. பிறகு, “தொப்பிதான் நல்லால்ல” என்று சொல்லித் தன் தலையிலிருந்த கனகாம்பரத்தில் ஒரு முழம் கிள்ளி, பக்கத்தின்மேல் வைத்து, இதழை மூடினார். பச்சைப் பட்டு ஜாக்கெட்டை மட்டும் பையில் போட்டுக்கொண்டார். அளவு ஜாக்கெட்டை அங்கேயே விட்டுவிட்டு, “மத்ததையும் அவங்கவங்க உடம்புக்கே தை. நாளைக்கு எல்லாரையும் அனுப்புறேன்” என்று படியிறங்கினார்.

கல்யாணம் நல்லபடி நடந்தது. மழை விட்டிருந்தது. பிரீதா மணையில் தாராளமாக மூச்சு விட்டு உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை அவளிடம் ஏதோ கேட்க, அவள் சிரித்த சத்தம் நாயனத்துக்கு மேல் கேட்டது. பந்தியில் பாயசத்தை மூன்று முறை கேட்டு வாங்கினாள், அவன் நான்கு முறை. ஜாக்கெட்டை யார் தைத்தது என்று கேட்ட பெண்களில் பாதிப்பேர் அடுத்த வாரமே கடைக்கு வந்தார்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாய்ரா கீழ்க்கடைக்கு அட்வான்ஸ் கொடுத்தாள்; நசீர் போனில், “சரி, பேர் பலகையில பச்சைப் பெயிண்ட் அடி” என்றான்.

அதன்பின் வருடங்கள் வேகமாகப் போயின. பிரீதாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. மொட்டைமாடிக்காரியும் அதற்கேற்ப இரண்டு சுற்றுப் பெருத்தாள், பழையபடி இளைக்கவும் செய்தாள். 2011 கடைசியில் தானே புயல் அடித்து முந்திரியும் பலாவும் சாய்ந்தபோது, பக்கங்களில் இருந்தவர்கள் கவுனைத் தூக்கிச் செருகிக்கொண்டு மரம் அப்புறப்படுத்துவது தெரிந்தது. சென்னையிலிருந்து ஒரு துணிக் கம்பெனிக்காரர் வழவழப்பான புது ஆல்பம் கொண்டுவந்தார். அதில் எல்லோரும் மறுபடி ஒரே நிறமாக, ஒரே இடுப்பாக இருந்தார்கள். சாய்ரா அதையும் வாங்கி அலமாரியில் வைத்து, முதல் பக்கத்தில் ஒரு அளவு ஜாக்கெட்டைச் செருகினாள்.

2012-இல் மின்வெட்டு ஜாஸ்தியான வருடம் நசீர் ஒரேயடியாக ஊருக்குத் திரும்பினான். முதல்நாள் இதழ்களைப் புரட்டிப் பார்த்தான். பாரிஸ் வீதியில் நின்ற மீன்காரம்மாளுக்கு மட்டும் சலாம் வைத்தான். கணக்குவழக்கு அவனுக்கு நன்றாக வரும். வாசலில் விலைப்பலகை இல்லையென்று மறுவாரமே ஒன்று எழுதி மாட்டினான். சாதா ஜாக்கெட் எண்பது ரூபாய். லைனிங் வைத்தது நூற்றைம்பது. அவசரத்துக்கு இருபது கூடுதல். இதழ்ப் பக்கத்தில் இடம் பிடிக்கத் தனிக் கூலி கிடையாது.