வலது கை வளைவுக்கு, இடது கை கூடத்துக்கு

அலங்கார வளைவு கட்டலாம் என்று குடியிருப்போர் கூட்டத்தில் தூக்கிய கைகள், கூட்டம் முடிந்த பிறகும் கீழே இறங்கவில்லை. அப்போது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூட மண்டபத்தின் வாசலில் டீயும் பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். ஒரு கையால் வாங்கிக் குடித்துவிட்டு, இன்னொரு கையைத் தூக்கியபடியே பேசிக்கொண்டு கலைந்தார்கள். வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் பலருக்கும் விஷயம் உறைத்தது.

பகுதிப் பொருளாதார மேம்பாட்டு நிதி என்று ஒன்று அந்த வருடம்தான் முதல்முறையாக வந்திருந்தது. பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று அங்கே குடியிருப்பவர்களே கூடி முடிவு செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் பகுதிக்காரர்கள் கூட்டத்துக்குப் பழகியவர்கள். அதிகாரி படிப்பார், யாராவது ஒருவர் "சரிதானே?" என்பார், கைகள் உயரும், டீ வரும். இந்த முறையும் அப்படித்தான் நடந்தது. வார்டு உறுப்பினரின் மைத்துனர் காண்ட்ராக்டர். தெரு முனையில் உச்சியில் கடிகாரம் வைத்த ஒரு வளைவை அவர் அழகாக வரைந்து கொண்டுவந்திருந்தார். வளைவு வந்தால் வியாபாரம் பெருகும் என்று அதில் எழுதியிருந்தது. சந்தேகம் என்று எல்லாரும் கூப்பிடும் தச்சர் மட்டும் எழுந்து, வளைவால் யாருக்கு என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டார். டீ ஆறுகிறது என்று சொல்லி அவரை உட்கார வைத்தார்கள். வார்டு உறுப்பினர் உற்சாகத்தில் இரண்டு கைகளையும் தூக்கினார்.

தையல்காரி அப்போது மடியில் ஒரு பள்ளிச் சட்டையை வைத்துப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். கூட்டம் என்றால் அவளுக்குப் பொத்தான் தைக்கக் கிடைக்கும் நேரம், அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த நாத்தனார் முழங்கையால் இடித்தாள்.

"அண்ணி, கையைத் தூக்குங்க."

"எதுக்குடி?"

"எதுக்கோ. எல்லாரும் தூக்கிட்டாங்க. நாம தூக்கலேன்னா இன்னொரு தடவை முதல்லேர்ந்து படிப்பாங்க."

தையல்காரி தூக்கினாள். ஊசியும் நூலும், நூலின் நுனியில் ஆடும் ஒரு பொத்தானுமாகக் கை மேலே போய் அங்கேயே நின்றுவிட்டது.

எலும்பு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் ஒரு குறையும் இல்லை என்றார். அழுத்திப் பார்த்தவர்களுக்குக் கட்டில்தான் உடைந்தது. மெல்ல மெல்ல மக்கள் அனுசரித்துக்கொண்டார்கள். வீடுகளில் மின்விசிறிகளை நிறுத்திவிட்டார்கள். தெருவில் நடந்தால் வாடகைக் கார்களெல்லாம் நின்று நின்று திட்டிவிட்டுப் போயின. மொத்தச் சந்தைக்கு ஏலம் எடுக்கப் போன பழக்கடைக்காரர், சும்மா நின்றிருந்த பாவத்துக்கு ஒரு லாரி வெங்காயத்துடன் திரும்பி வந்தார். வார்டு உறுப்பினருக்கு மூக்கு அரித்தால்கூட மனைவி வர வேண்டியிருந்தது. முதல் வாரம் அவள் உடனே வந்தாள்.

தையல்காரிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பள்ளி திறப்பதற்குள் சீருடைகளைத் தைத்துக் கொடுக்க வேண்டும். துணி முன்னறையில் கட்டுக் கட்டாகக் கிடந்தது. கத்தரி பிடிக்கும் கை கூரையைக் காட்டிக்கொண்டிருந்தது. லாரி ஓட்டப் போயிருந்ததால் கூட்டத்துக்கு வராமல் தப்பித்த கணவன், நான் வெட்டித் தருகிறேன் என்று உட்கார்ந்து ஒரு கால்சட்டையை வெட்டினான். ஒரு கால் எட்டாம் வகுப்புக்கும் இன்னொரு கால் மூன்றாம் வகுப்புக்கும் பொருந்தும்படி வந்தது. "நீங்க போய் லாரியையே ஓட்டுங்க" என்று அவனை அனுப்பிவிட்டாள்.

வளைவுக்குக் குழி தோண்டத் தொடங்கிய அன்றுதான் வழி தெரிந்தது. மாலையில் கை கொஞ்சம் தணிந்தாற்போல் தோன்றவே, தையல்காரி நாடாவின் ஒரு நுனியைக் காலால் மிதித்துக்கொண்டு அளந்து பார்த்தாள். முழங்கை ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. செய்தி தெருவெல்லாம் பரவியது. எதற்காகத் தூக்கினார்களோ அது முடிந்தால் கை இறங்கிவிடும். காண்ட்ராக்டருக்குக் கொண்டாட்டம். பள்ளி திறப்பதற்கு முன்னால் வளைவை நிறுத்திக் காட்டுகிறேன் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார். ஜனங்களும் அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினார்கள்.

தையல்காரிக்கும் அது போதும் என்றுதான் இருந்தது, மின்விசிறியை மேலே ஏற்றி மாட்டத் தச்சர் சந்தேகம் வரும்வரை. முதல் கூட்டத்தில் கை தூக்காததால் அவருக்கு இரண்டு கைகளும் இருந்தன. ஊரில் இருந்த கொஞ்சநஞ்ச இரட்டைக் கைக்காரர்களில் ஒருவர் என்பதால் வேலை குவிந்தது. ஏணியில் நின்றபடியே அவர் பேச்சைத் தொடங்கினார்.

"ஏம்மா, ஆஸ்பத்திரிக்கு உடுப்பு தைக்கிற ஆர்டர் வந்துச்சுல்ல, என்னாச்சு?"

"எங்கே தைக்கிறது? இந்த அறையில ரெண்டு மிஷின் சேர்ந்து ஓடினா ஃபியூஸ் போயிடுது. வேணாம்னுட்டேன்."

"எனக்கும் அதே கதைதான். இழைப்பு மிஷின் வாங்கி, பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வந்ததுல மூடி வெச்சிருக்கேன். அந்தப் பழைய ஐஸ் ஃபேக்டரி சும்மாதானே கெடக்கு? கூரை மாத்தி, பெரிய கரண்ட் லைன் இழுத்தா நாம எல்லாரும் அங்கே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இந்தப் பணம் தாராளமாப் பத்தும்."

"இதை அன்னைக்கே கூட்டத்துல சொல்றதுக்கென்ன?"

"சொல்லத்தான் எந்திரிச்சேன். டீ ஆறுதுன்னு உங்க நாத்தனார்தான் சட்டையைப் பிடிச்சு இழுத்தாங்க."

அன்று முழுக்கத் தையல்காரிக்கு வேலை ஓடவில்லை. நாத்தனார் தினமும் ஊரின் மறுகோடியில் இருக்கும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்குச் சைக்கிள் மிதித்துப் போய் வருகிறவள். ஐஸ் ஃபேக்டரி தெருக்கோடியில் இருந்தது. மோட்டார் வைத்த நாலு மிஷின் அங்கே போட்டால் ஆஸ்பத்திரி ஆர்டரை எடுக்கலாம், அவளையும் கூப்பிட்டுக்கொள்ளலாம். வளைவு முடிந்தால் கை திரும்பிவிடும், ஆனால் பணம் தீர்ந்துவிடும். இது ஒன்றும் பெரிய கணக்கில்லை. இருந்தாலும் அவள் அதைப் பல தடவை போட்டுப் பார்த்தாள்.

மறுநாள் நகராட்சிக்குப் போய்த் திட்ட அலுவலரைப் பார்த்தாள். அலுவலர் இளம்பெண், புதிதாக வேலைக்கு வந்தவள், விதிப் புத்தகத்தைப் பாடப் புத்தகம் போலப் படித்து வைத்திருந்தாள். ஒரு தீர்மானத்தை ரத்து செய்ய இன்னொரு கூட்டம் போட்டு, அங்கேயும் கை தூக்கித்தான் முடிவு செய்ய வேண்டும் என்றாள். தையல்காரி தன் கையை அண்ணாந்து பார்த்தாள். அலுவலரும் பார்த்தாள்.

"எந்தக் கைன்னு விதியில இல்லீங்க" என்றாள் அலுவலர்.

இரண்டாவது கூட்டத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோரிடம் ஒரு கைதான் மிச்சம் இருந்தது. இருக்கிற ஒன்றையும் யோசிக்காமல் விட யாருக்கும் மனம் இல்லை. ஐஸ் ஃபேக்டரியில் வேலைக்கூடம் என்று அலுவலர் படித்து முடித்ததும் யாரும் சரிதானே என்று கேட்கவில்லை. கேள்விகள் கிளம்பின. கரண்ட் பில்லை யார் கட்டுவது? மிஷினுக்குத் தகுந்தபடியா, ஆளுக்குத் தகுந்தபடியா? மரத்தூள் பறந்தால் துணி என்னாவது? நடுவில் சுவர் வருமா? சாவி யாரிடம் இருக்கும்? பெண்களுக்குத் தனியாகக் கழிப்பறை உண்டா, கதவு உண்டா? பேக்கரிக்காரர் அடுப்பு வைக்க இடம் கேட்டார். சைக்கிள் பழுது பார்ப்பவர் எண்ணெய்க் கறைக்குத் தான் பொறுப்பில்லை என்றார். அப்படியானால் உள்ளேயே வராதே என்றார்கள். வெளியே டீ ஆறி ஏடு படிந்தது. கோப்பில் 'மக்கள் பங்கேற்பு' என்ற கட்டத்தில் 'நன்று' என்று ஒரு சொல் எழுதினால் போதும் என்று வந்திருந்த அலுவலருக்கு அன்று கூடுதலாகத் தாள் வாங்கிவர ஆள் அனுப்ப வேண்டியிருந்தது.

கடைசியில் காண்ட்ராக்டர் எழுந்தார். "எல்லாம் சரி. அந்தக் கையும் மேல போச்சுன்னா யாரு சோறு ஊட்டுவாங்க? வளைவுன்னா சீக்கிரம் முடிஞ்சிடும். கூடத்துக்கு மாசக்கணக்கு ஆகும். நம்ம மெம்பரை ஒரு தடவை நல்லாப் பார்த்துட்டு அப்புறம் கையைத் தூக்குங்க."

எல்லாரும் பார்த்தார்கள். வார்டு உறுப்பினர் இரண்டு கைகளையும் தூக்கியபடி, வண்டியை மறித்துக் கொள்ளையடிக்கப்பட்டவர் போல உட்கார்ந்திருந்தார். பழைய கை இறங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. விதிப் புத்தகத்திலும் இல்லை. தையல்காரி தன் இடது கையை மடியில் வைத்துப் பார்த்தாள். துணியை நகர்த்திக் கொடுக்கும் கை. அதுவும் போனால் சீருடை இல்லை, வரும்படி இல்லை, தலை பின்னக்கூட வழியில்லை. சந்தேகம் அவள் பக்கமே திரும்பவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இடது கையைத் தூக்கினாள்.

"அண்ணி, அண்ணி! எதுக்கு இப்போ..."

"கூடத்துக்கு. நீயும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே?"

அப்புறம் சந்தேகம் தூக்கினார். பேக்கரிக்காரர் தூக்கினார். கொஞ்ச நேரம் வேறு யாரும் தூக்கவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எழும்பின. பாதிக்கு மேல் ஒரு கை கூடியதும் அலுவலர் வளைவை ரத்து செய்து, கூடத்துக்கான தீர்மானத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்த நொடியில் வளைவுக்காகத் தூக்கிய வலது கைகள் அத்தனையும் பெஞ்சுகளின்மேல் தொப்பென்று விழுந்தன. வார்டு உறுப்பினரின் கைகள் இரண்டும் விழுந்தன. விழுந்த வேகத்தில் முதலில் கை தட்டியவரும் அவர்தான். அதனால் பிற்பாடு இந்தக் கூடத்தை எதிர்த்துப் பேச அவருக்கு வாய் இல்லாமல் போயிற்று. காண்ட்ராக்டர் தெருமுனைக் குழியை மூடச் சொல்லி ஆள் அனுப்பினார். இடது கைகள் மட்டும் மேலேயே நின்றன.

பயத்தில் கை தூக்காமல் இருந்துவிட்ட நாத்தனாருக்கு இப்போது இரண்டு கைகளும் இருந்தன. தொழிற்சாலைக்கு லீவு போட்டுவிட்டு அண்ணிக்கு எதிரே உட்கார்ந்து துணி நகர்த்திக் கொடுத்தாள். ஆனாலும் முழுதாக முடியவில்லை. பள்ளிக்காரர்கள் பாதித் துணியை வேறு கடைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். கூடத்துக்காகத் தையல்காரிக்கு அந்த வருடம் அவ்வளவு போயிற்று. இதைப் பற்றி அவள் யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை, காண்ட்ராக்டரிடம் தவிர.

கூடத்து வேலையையும் குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்டு எடுத்தவர் அதே காண்ட்ராக்டர்தான். பழைய கூரையைப் பிரித்ததும் கைகள் காது மட்டத்துக்கு வந்தன. சுவர் பூசியதும் தோளுக்கு வந்தன. அலுவலர் வேலையை மேற்பார்வையிடப் போவதையே விட்டுவிட்டாள். காலையில் பஸ்ஸில் வரும்போது நிறுத்தத்தில் நிற்கும் பேக்கரிக்காரரின் முழங்கையைப் பார்த்து, எத்தனை பங்கு முடிந்தது என்று குறித்துக்கொள்வாள். ஒருநாள் காண்ட்ராக்டர், ஒப்பந்தத்தில் சொன்ன தகரத்துக்குப் பதில் மெல்லிய தகரத்தை ஏற்றினார். முதல் தகரத்தில் திருகாணி இறங்கியதும், பகுதி முழுக்க இடது கைகள் விருட்டென்று வானத்துக்குப் பாய்ந்தன. ஒருவர் தட்டோடு குழம்பைக் கூரையில் ஒட்டினார். சிறிது நேரத்தில் ஐஸ் ஃபேக்டரி வாசலில் கூட்டம் கூடிவிட்டது. காண்ட்ராக்டர் ஏணியிலிருந்து இறங்காமலே, "லாரியில மாறி வந்திடுச்சு" என்றார். மெல்லிய தகரம் அன்றைக்கே திரும்பிப் போயிற்று. அதற்குப் பிறகு அவர் சிமெண்ட் கலவையில்கூடக் கை வைக்கவில்லை. மற்ற ஊர்களில் எடுத்த வேலைகளையும் ஒழுங்காகச் செய்யத் தொடங்கினார் என்று கேள்வி. அது நிரூபணமாகவில்லை.

திறப்பு விழாவன்று நாடா வெட்டிப் பேச்செல்லாம் முடிந்த பிறகும் கைகள் உடம்போடு ஒட்டாமல், பறக்கப் பார்க்கும் கோழியைப் போலக் கொஞ்சம் விலகியே நின்றன. என்ன பாக்கி என்று தேடினார்கள். விளக்குகள் எரிந்தன, மீட்டர் ஓடியது, நடுச்சுவர் நேராக இருந்தது. தையல்காரிதான் பெண்கள் கழிப்பறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கதவு இருக்கிறது, தாழ்ப்பாள் இல்லை என்றாள். சந்தேகம் தாழ்ப்பாள் வைத்து நாலாவது திருகாணியை முடுக்கியபோது அவள் கை தானாக இறங்கிப் பக்கத்தில் தொங்கியது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டுக்கொண்டாள். பிறகு மிஷினில் நூல் கோக்கப் போனாள்.

அடுத்த வருடம் ஆஸ்பத்திரி ஆர்டர் வந்தது. நாத்தனார் சைக்கிளைத் தன் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள். அதற்கடுத்த வருடம் மழைநீர் வடிகாலுக்குக் கை தூக்கினார்கள். பிறகு சரக்கு ஏற்றி இறக்கும் மேடைக்கு. வலது, இடது என்று ஆள் ஆளுக்கு வசதிப்படி முறை வைத்துக்கொண்டார்கள். கர்ப்பிணிகளுக்கும் இசைக்கருவி வாசிப்பவர்களுக்கும் விலக்கு கொடுத்தார்கள். முதலில் கேலி செய்த பக்கத்துப் பகுதிக்காரர்களுக்கும் ஒரு கூட்டத்தில் இது தொற்றிக்கொண்டது. மேலிடத்திலிருந்து வந்த ஆய்வுக் குழு இரண்டு நாள் தங்கிப் பார்த்துவிட்டு, இங்கே மக்களின் ஈடுபாடு கண்கூடாகத் தெரிகிறது என்று எழுதியது. வேறு ஒன்றும் எழுதவில்லை.

போன மாதம் அந்தப் பகுதிக்கு ஒரு வாத்தியார் புதிதாகக் குடிவந்தார். சட்டைக்கு அளவு கொடுக்கக் கூடத்துக்கு வந்தார். தையல்காரி கழுத்து, மார்பு, தோள் எல்லாம் அளந்துவிட்டு, நாடாவைக் கழுத்தில் போட்டபடியே கேட்டாள்.

"சார், எந்தக் கை தூக்குவீங்க?"

"எதுக்குங்க?"

"அந்தப் பக்கம் அக்குள்ல ஒரு பட்டி கூட வெச்சுத் தைக்கணும். இல்லேன்னா திட்டம் முடியறதுக்குள்ள கிழிஞ்சிடும்."

வாத்தியார் தன் கைகளை மாறி மாறிப் பார்த்தார். கரும்பலகையில் எழுதும் கை வலது கை.

"இடது" என்றார்.

தையல்காரி துணியின் இடது பக்கத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டாள். வெள்ளிக்கிழமை வாங்கிக்கொள்ளச் சொன்னாள்.