ஆள் போதாத ஜெபக்கூட்டம்

கணவர் ரபேல் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து மகதலேனா வீட்டில் ஜெபம் கிடையாது. இதைக் கேட்டால் அவளுடைய சபைக்காரர்கள் நெஞ்சில் கையை வைத்துக்கொள்வார்கள். ஞாயிறு தவறாமல் ஆராதனைக்கு வருகிறவள், முன்வரிசையில் உட்காருகிறவள், காணிக்கைப் பை தன்னிடம் வருமுன்பே கையை நீட்டுகிறவள். அவள் வீட்டிலா ஜெபம் இல்லை? இல்லைதான். அதற்கு அவளிடம் ஒரு காரணமும் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

அந்த வீட்டில் சாயங்கால ஜெபம் என்பது ரபேலின் இலாகா. ரயில்வேயில் வேலை பார்த்த மனிதர், நேரம் தவறமாட்டார். சாப்பாட்டு மேசையில் வேதத்தைத் திறந்து ஒரு பகுதி படிப்பார், கண்ணை மூடுவார், உலகத்தில் உள்ள அத்தனை பேருக்காகவும் வேண்டுவார். அரசாங்கத்தில் ஆரம்பித்து, பூச்சோங்கில் இருக்கும் மகள் பிரெண்டாவின் முழங்கால் வலிவரை எதையும் விடமாட்டார். மகதலேனாவுக்கு மிச்சமிருந்த வேலை ஆமென் சொல்வது. அதையும் சில நாள் தூக்கக் கலக்கத்தில் அவர் முடிப்பதற்குள்ளேயே சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

பிள்ளைகள் ஆளுக்கொரு திசையாகப் போன பிறகு, "நாம ரெண்டு பேர்தானே, இன்னிக்கு ஒரு நாள் விட்டுடலாமே" என்று அவள் முனகினால் போதும், அவர் விரலை உயர்த்திவிடுவார்.

"ரெண்டு பேர் போதும்லா. ரெண்டு மூணு பேர் என் பேரால கூடினா நடுவுல நான் இருப்பேன்னு ஆண்டவரே வாக்குக் கொடுத்திருக்காரு. நாம ரெண்டு பேர் உட்கார்ந்தா அவர் வந்தே ஆகணும்."

அந்தக் கணக்கு அவள் மனதில் ஆணி அடித்தாற்போல் இறங்கிவிட்டது. இரண்டு பேர் என்றால் வருவார், சரி. ஒருத்தி என்றால்? அதைப்பற்றி ரபேல் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே ஒருநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தவர் கட்டிலில் உட்கார்ந்தார், சாய்ந்தார், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்று சாயங்காலம் முதல் அந்த மேசையில் ஆள் போதவில்லை. தனிமரம் தோப்பாகாது என்பார்கள். தனி ஆள் சபையாவது எப்படி? மகதலேனா வேதத்தைத் துடைத்து வைப்பாள், திறக்கமாட்டாள். வாயையும்தான்.

பிரிக்ஃபீல்ட்ஸில் அவள் இருக்கும் ப்ளாட்டில் லிஃப்ட் நினைத்தால் ஓடும், நினைக்காவிட்டால் நிற்கும். அவள் வீடு ஒன்பதாவது மாடி. சபையின் மாதாந்திர வீட்டுக் கூட்டம் சுற்றிச் சுற்றி எல்லார் வீட்டுக்கும் போகும், அவள் வீட்டை மட்டும் தாண்டிக்கொண்டு போய்விடும். 'பாவம், வயசானவங்க, சிரமப்படுத்த வேண்டாம்' என்று அதற்கு ஒரு அன்பான பெயரும் வைத்திருந்தார்கள். இந்த முறை அவளே பாஸ்டரைப் பிடித்து, "அடுத்த கூட்டம் என் வீட்டுலதான்" என்று அடித்துச் சொல்லிவிட்டு வந்தாள்.

அவளுக்கு வேண்டியது கூட்டமல்ல. கூட்டம் கூடினால் அவர் வருவார். ஒரு தடவை உள்ளே வந்துவிட்டவருக்குப் பிறகு வாசல் தெரியாமலா போய்விடும்? அவளுடைய திட்டம் இவ்வளவுதான். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ராத்திரி ஒற்றைத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு விளக்கை அணைக்கிறவளுக்குச் சிரிப்பாக இல்லை.

அந்தச் சனிக்கிழமை விடிந்ததிலிருந்து தலைகால் புரியவில்லை அவளுக்கு. பெரிய சட்டியில் அரிசிச் சேமியாவைப் போட்டு மீகூன் பிரட்டினாள், உருளைக்கிழங்கு மசாலா வைத்துக் கறிபாப் பொரித்தாள், சிராப் தண்ணீர் கலக்கி ஐஸ் போட்டாள். கீழே நிர்வாக அலுவலகத்திலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கொண்டுவரச் செய்து கூடத்தில் வட்டமாகப் போட்டாள். பாஸ்டர் அன்றைக்கு எடுத்துக்கொண்ட தலைப்பு, கிறிஸ்து எல்லாவற்றுக்கும் மேலானவர் என்பது. வேதத்தில் கொலோசெயர் நிருபத்தில் வரும் அந்தப் பகுதியை அவள் முதல்நாளே எடுத்து அடையாளம் வைத்திருந்தாள். படித்துப் பார்க்கவில்லை. ஆள் வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஆள் வரவில்லை, மழை வந்தது. சும்மா மழை இல்லை, வானம் பொத்துக்கொண்ட மழை. சாயங்காலம் ஆக ஆக வாட்சப் குழுவில் ஒவ்வொருவராகக் கழன்றார்கள். "சாரி ஆன்டி, பூச்சோங்ல ரோட்டுல தண்ணி ஏறிடுச்சு." "ஸ்ரீ கெம்பாங்கான்ல ஜாம் நகரவே மாட்டேங்குது, நாங்க திரும்பிட்டோம்லா." பாஸ்டர் கிள்ளானுக்கு ஓர் அடக்கத்துக்குப் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். அடுத்த மாதம் பார்க்கலாம், கர்த்தருக்குச் சித்தமானால், என்று குரலிலேயே செய்தி அனுப்பியிருந்தார். பின்னால் மழைச் சத்தம் கேட்டது.

செமினியிலிருந்து மகன் மார்வின் கூப்பிட்டான். "அம்மா, அப்பவே சொன்னேன்ல, சூம்ல வச்சுக்குங்கன்னு?"

"சூம்ல வர்றவங்க மீகூன் எப்படிடா சாப்பிடுவாங்க?"

"அதுவும் சரிதான்," என்று சிரித்தான். "சாப்பிட்டுப் படுங்கம்மா. நாளைக்கு கூப்பிடறேன்."

போனை வைத்துவிட்டு மகதலேனா நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள். காலி நாற்காலி ஒன்று இருந்தால் யாரோ வரப்போகிறார்கள் என்று இருக்கும். வட்டமாக அத்தனை நாற்காலி காலியாக இருந்தால், வந்தவர்கள் எல்லாரும் எழுந்து போய்விட்டதுபோல் இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஊரில் இத்தனை பேர் இருக்கிறார்கள், ஒரே ஒரு ஆளை அனுப்ப முடியாதா அவருக்கு? ஒரே ஒரு ஆள் போதுமே. இரண்டாகிவிடுமே.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வந்தவுடனே எழுந்து போய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டாள். கொஞ்சம் நின்று யோசித்திருந்தால் தட்டியிருக்கமாட்டாள்.

அடுத்த வீட்டில் சீதாலெட்சுமி. அரசாங்க அலுவலகத்தில் கோப்பு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது ப்ளாட் நிர்வாகக் குழுவின் செயலாளர். லிஃப்ட் நின்றால் அத்தனை மாடியும் அவள் கதவைத்தான் தட்டும். அதனால் திறக்கும்போதே, "லிஃப்டா?" என்றாள்.

"லிஃப்ட் இல்ல சீதா. ஒரு ஆள் வேணும்."

"எதுக்குக்கா?"

"ஜெபத்துக்கு."

சீதாவின் நெற்றியில் திருநீறு பளிச்சென்று இருந்தது. அவள் தன் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். "என்னையா கூப்பிடறீங்க?"

"நீ ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா உட்கார்ந்தா போதும். மீகூன் இருக்கு."

மீகூனைக் காட்டி ஆள் சேர்த்தது கிறிஸ்தவ உலகத்தில் அவள் ஒருத்திதான் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் இவ்வளவு பச்சையாகக் கேட்டவள் அவளாகத்தான் இருக்கும்.

சீதா வந்தாள். நாற்காலி வட்டத்தைப் பார்த்தாள், சட்டி மீகூனைப் பார்த்தாள், ஒரு தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நல்ல மனுஷி. பாதி சாப்பிட்ட பிறகுதான் கேட்டாள்.

"லேனாக்கா, ஜெபம் நீங்க செய்யப் போறீங்க. அப்புறம் நான் எதுக்கு?"

மகதலேனா கணக்கைச் சொன்னாள். இரண்டு பேர், மூன்று பேர், நடுவில் அவர். ரபேல் போனது, ஆள் குறைந்தது, மேசை ஊமையானது. யாரிடமும் சொல்லாததை மீகூன் தின்றுகொண்டிருந்தவளிடம் சொல்லிவிட்டாள்.

சீதா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப, கோரம் பத்தல. அதான் உங்க சாமி வரல."

"கிண்டல் பண்ணாதே."

"கிண்டல் இல்லக்கா. நம்ம ப்ளாட் மீட்டிங்குக்கு என்னிக்காவது கோரத்துக்கு வேண்டிய ஆள் சேர்ந்திருக்கா? அரை மணி நேரம் பாப்போம். வரலைன்னா வந்தவங்களை வச்சு ஆரம்பிச்சுடலாம்னு சட்டத்துலயே இருக்கு. நம்ம கமிட்டிக்கே அவ்வளவு இரக்கம் இருக்கு. உங்க ஆண்டவரு அதுக்கும் கீழயா?"

மகதலேனாவுக்குச் சுருக்கென்றது. "அவரு யாருன்னு நெனச்சுப் பேசற? உன் கமிட்டி சேர்மனா?" என்று எழுந்துவிட்டாள். "இந்த உலகம் உண்டாகறதுக்கு முன்னாடியே இருந்தவரு. கண்ணுக்குத் தெரியறது, தெரியாதது, ராஜாங்கம், அதிகாரம் எல்லாம் அவராலதான் உண்டாச்சு, அவருக்காகத்தான் உண்டாச்சு. அவர் கையை எடுத்தா இந்தக் கட்டடம் இல்ல, இந்த மழை இல்ல, நீயும் நானும் இல்ல. எல்லாத்துக்கும் தலை அவர்தான்!"

சொல்லி முடித்தபோது மூச்சு வாங்கியது. அவள் வாழ்க்கையில் இவ்வளவு நீளமாக ஆண்டவரைப் பற்றிப் பேசியதே இல்லை. படிக்காத புத்தகத்தில் இருந்த பகுதி இத்தனை வருஷமாகக் காது வழியே ஏறி உள்ளே உட்கார்ந்திருக்கிறது. பாஸ்டர் கேட்டிருந்தால் அவளை அப்போதே பிரசங்கத்துக்குப் போட்டிருப்பார்.

சீதா கோபித்துக்கொள்ளவில்லை. கீழே வைத்த முள்கரண்டியைத் திரும்ப எடுத்தாள்.

"அவ்வளவு பெரியவரு, உங்க வீட்டு வாசல்ல நின்னு ஆள் எண்ணிக்கிட்டா இருப்பாரு?" என்றாள். "எங்க சாமி மேடையில ஒரு ஓரத்துல அவர் படமும் ஒண்ணு இருக்குக்கா. காலையில எல்லாருக்கும் பூ வைக்கறப்ப அவருக்கும் ஒண்ணு வைப்பேன். நானும் ஒருத்தியாத்தான் நின்னு கும்பிடறேன்."

"ஓரத்துல வைக்கற ஆள் இல்ல அவரு," என்றாள் மகதலேனா. அதில் மட்டும் அவள் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

"உங்களுக்கு அப்படி. சரி," என்று சீதா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "ஒண்ணு சொல்றேன், தப்பா எடுக்காதீங்க. நான் உட்காருவேன், எவ்வளவு நேரம் வேணும்னாலும். ஆனா கண்ணை மூடிக்கிட்டு, நீங்க சொல்றதுக்கெல்லாம் ஆமாம்னு தலையாட்டினா அது பொய்யாயிடும். உங்க சாமிக்கும் பிடிக்காது, என் சாமிக்கும் பிடிக்காது. எனக்கும் விளக்கேத்தற நேரம் ஆயிடுச்சு."

மகதலேனா அவளைத் தடுக்கவில்லை. ஒரு டப்பா நிறைய மீகூனும் நாலு கறிபாப்பும் கட்டிக் கொடுத்து வாசல்வரை வந்தாள். இருந்த இரண்டாவது ஆளும் போய்விட்டாள். கதவைச் சாத்தியபோது அவளுக்குச் சீதாவின் சாமி மேடைதான் நினைவில் நின்றது. ஓரம்தான். இருந்தாலும் அந்த வீட்டுக்குள் இருக்கிறார், தினம் ஒரு பூ கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் தலை என்று கத்தினேனே, என் வீட்டில் அவருக்கு அந்த ஓரம்கூட இல்லையே என்று நினைத்துக்கொண்டாள். வெட்கமாக இருந்தது.

நாற்காலி வட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள்.

"பரம தகப்பனே, இந்த நல்ல வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம்," என்று ஆரம்பித்தாள். அது ரபேலின் குரல். அவருடைய இழுப்பு, அவருடைய இருமல்கூட அதில் இருந்தது. நிறுத்திவிட்டாள். நல்ல வேளையா இது? யாருக்கு?

கண்ணைத் திறந்துகொண்டாள். எதிர் நாற்காலியைப் பார்த்துப் பேசினாள். வேதத் தமிழ் எல்லாம் கழன்றுபோய், இத்தனை வருஷம் வீட்டுக்காரரோடு பேசிய பேச்சே வந்தது.

"ஆண்டவரே, லேனா பேசறேன். நான் ஒருத்திதான் இருக்கேன்."

அதற்கு மேல் என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. தெரிந்ததும் பயமாக இருந்தது. இத்தனை மாதம் வாய் திறக்காததற்கு ஆள் குறைவு காரணமில்லை. திறந்தால் இதுதான் வரும் என்று அவளுக்கு உள்ளுக்குள் எப்போதோ தெரிந்திருந்தது.

"எல்லாத்துக்கும் மேல நீங்கதான்னு இப்பத்தான் அவகிட்ட கத்தினேன். நெசமாத்தான் சொன்னேன். அப்படின்னா அந்த ஆஸ்பத்திரிக்கும் மேல நீங்கதானே? அவரு நெஞ்சுக்கும் மேல நீங்கதானே? உங்களால முடியாமப் போயிருந்தா பரவால்ல, பாவம்னு விட்டிருப்பேன். முடியும். நீங்க விட்டு வச்சிருக்கலாம். சட்டைக்குப் பட்டன் போட்டுக்கிட்டிருந்த மனுஷன். நான் அடுப்படியில இருந்தேன். ஒரு வார்த்தை பேச விட்டிருக்கலாம். இது எனக்குப் பிடிக்கல. உங்ககிட்டதான் சொல்ல முடியும், வேற யாருகிட்ட சொல்றது? உங்களுக்கு மேல யார் இருக்கா போய்ச் சொல்றதுக்கு?"

அழுகை இப்போதுதான் வந்தது. அடக்கத்தன்று வராதது, மார்வினும் பிரெண்டாவும் பக்கத்தில் இருந்தபோது வராதது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பேசிக்கொண்டே இருந்தாள். ராத்திரியில் கட்டிலின் மறுபக்கம் எவ்வளவு அகலமாக இருக்கிறது என்று சொன்னாள். பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள், வருவதில்லை என்று கோள் மூட்டினாள். சபையில் 'பாவம், வயசானவங்க' என்று தன்னைத் தாண்டிப் போனவர்களையும் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி மாட்டிவிட்டாள்.

பதில் ஒன்றும் வரவில்லை. வெளிச்சம் வரவில்லை, சத்தம் வரவில்லை. மேசைமேல் மீகூன் ஆறிக்கிடந்தது, வீட்டில் அவள் ஒருத்திதான். ஆனால் யாருமில்லாத வீட்டில் ஒருத்தி இப்படிச் சண்டை போடமாட்டாள் என்பதும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

தொண்டை வறண்டு போயிற்று. தண்ணீர் குடிக்க எழுந்தவள், அடுப்படி வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் முடிக்கல," என்றாள். "எழுந்து போயிடாதீங்க."