அக்கா வீட்டு அடுப்பு

தொண்டு நிறுவனத்தின் பயிற்சிக் கூடத்துச் சுவர் முழுக்க மஞ்சள் அட்டைகள். ஒட்டியவர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ‘கிணறு வெட்டினோம்’, ‘கூட்டம் போட்டோம்’, ‘கையேடு கொடுத்தோம்’. அடுப்பு மேடம் ஒட்டிய அட்டைதான் எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது: ‘வட்டாரம் முழுக்கப் புகையில்லா அடுப்பு கொடுத்தோம்.’ அந்த நிறுவனத்தில் அடுப்புத் திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் அவள். பெற்றோர் வைத்த பெயரை அலுவலகம் மறந்து வெகுகாலம் ஆகிறது.

பயிற்சி கொடுக்க வந்தவள் கரகரத்த குரல்காரி. வெளிநாட்டிலிருந்து பணம் தருகிறவர்கள் அனுப்பிவைத்த ஆள். அவர்களே அடுத்த வாரம் நேரில் வருகிறார்கள். வந்து பார்த்துத் திருப்திப்பட்டால்தான் அடுப்புத் திட்டத்துக்கு இரண்டாம் கட்டம். இல்லையென்றால் அடுப்பு மேடமும் அவளை நம்பியிருக்கும் களப்பணியாளர்களும் வீட்டைப் பார்க்கப் போக வேண்டியதுதான். இப்படியொரு நிலைமையில் அந்தப் பயிற்சியாளர் என்ன செய்தாள் தெரியுமா? ஒவ்வோர் அட்டையாகப் பிய்த்து மேஜைமேல் போட்டாள்.

“இதெல்லாம் நீங்க செஞ்சது. இதனால யாருக்கு என்ன மாறிச்சு? அதை எழுதுங்க.”

“அடுப்பு குடுத்தா புகை குறையும், புகை குறைஞ்சா இருமல் குறையும். இதுல எழுத என்ன இருக்கு?” என்றாள் அடுப்பு மேடம் வெடுக்கென்று.

“குறைஞ்சிருக்கா?”

“நேர்ல போய்ப் பார்த்திருக்கோம். போன வீட்டிலெல்லாம் நம்ம அடுப்புதான் எரிஞ்சுட்டிருந்தது.”

“எதுல போனீங்க?”

“ஆபீஸ் ஜீப்புலதான். முன்னாடியே சொல்லிட்டுப் போவோம். பின்ன, பூட்டின கதவையா தட்டுறது?”

எல்லோரும் சிரித்தார்கள். பயிற்சியாளர் சிரிக்கவில்லை. மாலையில் ஆளுக்கொரு வேலை கொடுத்தாள். திட்டத்தால் பயன்பெற்ற ஏதாவது ஒரு வீட்டுக்குப் போக வேண்டும். ஜீப் கூடாது, நிறுவனத்தின் பெயர் போட்ட சட்டை கூடாது, போன் பண்ணிச் சொல்லவும் கூடாது.

நல்ல வீட்டுப்பாடம் என்று முணுமுணுத்துக்கொண்டே அடுப்பு மேடம் சொந்த அக்கா வீட்டைத் தேர்ந்தெடுத்தாள். முதல் அடுப்பு இறங்கிய வீடு அது. அவள் இந்த வேலைக்கு வந்ததே யாருக்காக? கல்யாணமாகிப் போன நாளிலிருந்து விறகுப் புகையில் வெந்து, இருமி இருமி எலும்பும் தோலுமாய்ப் போன அந்த அக்காவுக்காகத்தானே!

அக்கா வீட்டுக்கும் அவள் சொல்லிவிட்டுத்தான் போவாள். “சொல்லாம கொள்ளாம வந்து நின்னா நான் என்னத்தைப் போடுவேன்?” என்று அக்கா பிடிபிடியென்று பிடித்துக்கொள்வாள். அன்று சொல்லாமலே பஸ்ஸில் போய் இறங்கி, பின்வாசல் வழியாக உள்ளே நுழைந்தாள்.

சமையலறையில் புகை கண்ணைக் கரித்தது. மூன்று கல்லைக் கூட்டிய பழைய அடுப்பில் பெரிய பானை கொதித்துக்கொண்டிருந்தது. புது அடுப்பு மூலையில் பளபளவென்று இருந்தது. அதன்மேல் வெங்காயக் கூடை.

அக்கா திரும்பிப் பார்த்து வெலவெலத்துப் போனாள். “அடிப்பாவி! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” அதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள்.

இந்த ஓட்டம் தங்கைக்குப் புதிதல்ல. எப்போது வந்தாலும், துணி காயுது, பிள்ளை கூப்பிடுது என்று அக்கா இப்படித்தான் எழுந்து ஓடுவாள். தங்கையும் நம்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

“அப்போ எல்லாம் இருமத்தான் ஓடினியா?”

அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “அந்த அடுப்பு வாய் சின்னதுடி. எங்க பானை உட்காராது. மாமியார், கொழுந்தன், பிள்ளைங்கன்னு இத்தனை பேருக்குச் சமைக்கணுமே.”

“வந்து கேட்டப்ப சொல்றதுக்கென்ன?”

“எப்படிச் சொல்றது? முதல் அடுப்பை நீயே தூக்கிட்டு வந்து இறக்கினே. உன் மூஞ்சியில அவ்வளவு சந்தோஷம். அதுவும் இல்லாம, உன் வேலைக்கு ஏதாவது ஆயிட்டா? ஜீப் வருதுன்னு தெரிஞ்சா இந்தத் தெருவே அந்த அடுப்பைப் பத்த வைக்கும். சின்னச் சட்டியில தண்ணியைக் கொதிக்க விடுவோம். நீ பார்த்துட்டுச் சிரிச்சுக்கிட்டே போவே.”

தங்கைக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யார்மேல் கோபப்படுவது? ஒரு தெருவே சேர்ந்து ஏமாற்றியிருக்கிறது, அதுவும் அவள்மேல் வைத்த பிரியத்தால். ஊரெல்லாம் அடுப்பு கொடுத்த மகராசி, உங்கள் பானை எவ்வளவு பெரிது என்று ஒரு வீட்டிலாவது கேட்டாளா? கேட்கவே இல்லை. அதை நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது.

மறுநாள் காலையில் கூடத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கிணறு வெட்டியவர் தலையைக் குனிந்துகொண்டார். நிறுவன இயக்குநர்தான் அவளைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“ஏம்மா, உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? வர்றவங்களுக்கு முதல்ல காட்டப்போறதே உங்க அக்கா வீட்டைத்தான். இப்பவே போன் பண்ணி, அன்னைக்குப் புது அடுப்பைப் பத்த வைக்கச் சொல்லு. பயிற்சிக்கு வந்தவங்களை நான் சமாளிச்சுக்கறேன். பெரிய பானைக்கெல்லாம் இரண்டாம் கட்டத்துல வழி பண்ணிக்கலாம்.”

ஒரு நிமிடம் அவளுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. களப்பணியாளர்கள் கதவருகே நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் நன்றாக எரிகிறது என்று காட்டிவிட்ட அடுப்பை மாற்ற எவன் பணம் தருவான்? அதே சின்ன வாய் அடுப்பு இன்னொரு வட்டாரத்துக்கும் போகும். அங்கேயும் யாராவது ஓர் அக்கா பின்கட்டுக்கு ஓடுவாள்.

அவள் உள்ளே போய் ஒரு மஞ்சள் அட்டையை எடுத்தாள். ‘அக்கா இருமாமல் சமைக்க வேண்டும்’ என்று எழுதிச் சுவரில் ஒட்டினாள். பயிற்சியாளர் அதைப் பிய்க்கவில்லை. பின்னாலேயே வந்து நின்ற இயக்குநரின் எதிரிலேயே அடுப்பு மேடம் போனை எடுத்தாள்.

“அக்கா, அடுத்த வாரம் ஜீப் வரும். வெளிநாட்டுக்காரங்க வருவாங்க.”

“சரிடி, பத்த வச்சிடறேன். தெருவுக்கும் சொல்லிடறேன்.”

“வேணாம். பழைய அடுப்புலயே பெரிய பானையை ஏத்து.”

“ஐயோ, உன் வேலை?”

“போனாப் போகட்டும். இன்னொண்ணு, இருமல் வந்தா பின்கட்டுக்கு ஓடாதே. அவங்க முன்னாடியே இருமு.”

அக்கா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் இருமல் வந்துவிட்டது. இந்தமுறை அவள் ஓடவில்லை, போனைத் தள்ளிப் பிடிக்கவும் இல்லை. இயக்குநருக்கும் கேட்கட்டும் என்று அடுப்பு மேடம் ஸ்பீக்கரைப் போட்டாள்.